தலை சாய்க்கும் இடம்

பயணம் என்றதும் எதைக் காண்பது என்று கேட்பவர் பலர். எங்கே தங்குவது என்னும் வினாவோ பெரும்பாலும் செலவுக் கணக்கோடு முடிந்துவிடுகிறது. கையிலுள்ள பணம் எவ்வளவு, குளியலறை தூய்மையாக இருக்குமா, காலை உணவு உண்டா, சன்னலைத் திறந்தால் எது தெரியும் என்பவற்றைப் பார்த்து ஓர் அறையைத் தேர்ந்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். நாம் எதைப் பார்த்தோம் என்பதால் ஒரு நகரம் மாறிவிடுவதில்லை. நாம் எங்கே உறங்கினோம் என்பதால் மாறிவிடுகிறது. இவ்வுண்மையை இத்தாலியின் வெனிஸ் நகரில் சில நாள் தங்கியிருந்தபோது கண்ணாரக் கண்டோம். அதனை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

விடுமுறைக் காலத்தில் ஜெர்மனி நாட்டுப் பங்குத்தந்தையர்க்கு மாற்றாக நம் மறைமாவட்டக் குருக்கள் சென்று பணியாற்றி வருவது வாசகர் அறிந்ததே. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறு பவேரியாவிலுள்ள ஒரு சிற்றூர்ப் பங்கில் பணிபுரிந்தோம். தாயகம் திரும்புமுன் நான்கு நாள் ஓய்வு கிடைத்தது. உரோமையில் பயின்று இத்தாலிய மொழியை நன்கறிந்த இளங்குரு ஒருவரும் அப்போது பக்கத்துப் பங்கில் இருந்தார். இருவரும் சேர்ந்து வெனிஸ் செல்வதென்று முடிவாயிற்று. மியூனிக் நகரிலிருந்து பிரென்னர் கணவாயைக் கடந்து வெரோனா வழியாக நேர் இரயில் உண்டு. ஏறத்தாழ ஏழு மணி நேரப் பயணம். போய்ச் சேருவது எளிது. தங்குமிடம்தான் பெரிய வினாவாயிற்று.

வெனிஸ் என்பது உப்பங்கழியின் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களால் இணைத்து எழுப்பிய நகரம். அதனை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: சான் மார்கோ, கஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. தெற்கே அகன்ற கால்வாய்க்கு அப்பால் ஜூதேக்கா தீவு. கிழக்கே திறந்த கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் லீதோ தீவு. வடமேற்கே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் மறுமுனையில், தரைப்பகுதியில் மெஸ்த்ரே நகர். அப்பாலத்தில் இரயில் பாதை 1846இலும் சாலை 1933இலும் வந்தன. பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைந்துவிட்டால் காரும் இல்லை, பேருந்தும் இல்லை. நடந்து செல்லவேண்டும், அல்லது படகில் ஏறவேண்டும்.

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் காப்பி அருந்தும் வேளையில் எங்கள் பயணத்தைக் கேள்வியுற்ற பங்கு மக்கள் ஆளுக்கொரு அறிவுரை கூறினார்கள். முதிய தம்பதியர் லீதோவைப் பரிந்துரைத்தார்கள். 1932இல் தொடங்கிய திரைப்பட விழாவால் புகழ்பெற்ற அத்தீவின் கடற்கரையில்தான் அவர்கள் தேன்நிலவைக் கழித்தார்களாம். வணிகர் ஒருவர், வெனிசில் ஓர் இரவேனும் அரண்மனையில் உறங்கவேண்டும் என்று சான் மார்கோ நீர்முகப்பிலுள்ள பெரிய விடுதிகளைச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தோர்சொதூரோவின் தென்கரையிலுள்ள சாத்தரே நடைபாதையை ஒட்டித் தங்குங்கள், மாலை வெயில் அங்கேதான் அழகு என்றார். இளைஞர் ஒருவர் தம் கைபேசியைத் திறந்து ஒரு வீட்டைக் காட்டினார். வெண்சுவர், பழைய மரவிட்டம், நவீன விளக்கு என எல்லாம் பகட்டில்லாத அழகுடன் இருந்தன. “திறவுகோல் வாயிலிலுள்ள பெட்டியில் இருக்கும். எண்ணை அழுத்தினால் திறந்துகொள்ளும். நீங்கள் யாரையும் பார்க்கவே வேண்டியதில்லை, ஹெர் ஃபாரர்” என்றார். பங்குத்தந்தையை அங்கே அப்படித்தான் விளிப்பார்கள்.

யாரையும் பார்க்கவேண்டியதில்லை என்பதை அவர் அவ்வீட்டின் சிறப்புகளுள் ஒன்றாகவே கூறினார். அச்சொல் எங்கள் உள்ளத்தில் தங்கிவிட்டது. புதிய ஊரில், புதிய வீட்டில், ஒருவர் முகத்தையும் காணாமல் உறங்கி எழுந்து செல்வது வசதியா, வறுமையா?

பெரிய விடுதிகளைப் பழிப்பது எம் நோக்கமன்று. வெனிசின் விடுதிகளுக்கு நெடிய வரலாறு உண்டு. தாந்தோலோ குடும்பத்தாரின் பழைய மாளிகை 1822இல் தானியேலி விடுதியாயிற்று. காந்தியடிகளின் வாழ்வைத் திருப்பிய நூலை எழுதிய ஜான் ரஸ்கின், 1849இன் இறுதியில் தம் மனைவியோடு வந்து அங்கேதான் தங்கினார். வெனிசின் கட்டடங்களை அளந்தும் வரைந்தும் அவர் எழுதிய பெருநூலுக்கான உழைப்பு அவ்விடுதியிலிருந்து நடைபெற்றது. ஆயினும் 1877இல், வயதும் துயரும் கூடிய நிலையில், அவர் மிக எளிய தங்குமனை ஒன்றுக்கு மாறினார். சாத்தரே கரையிலுள்ள லா கல்சீனா என்னும் அம்மனை இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. ஒரே மனிதர், ஒரே நகர்; தங்கிய இடங்களோ இருவகை. அரண்மனையில் தங்கியவர் கற்களைக் கண்டார் என்றும் எளிய மனையில் தங்கியவர் மனிதரைக் கண்டார் என்றும் சொல்லத் தோன்றும். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட இயலாது. எனினும் சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி மாறினால் உள்ளே எழும் எண்ணமும் மாறும் என்பதை மறுப்பவர் யார்?

நம் இளங்குரு வேறொரு கணக்கைப் போட்டார். “சாமி, மெஸ்த்ரேயில் விலை மிகக் குறைவு. இரயிலில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ். தீவுக்குள் தங்கி எதற்காகக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எளிய குடும்பங்களும் மாணவர்களும் அவ்வாறே செய்கிறார்கள். அதில் இழுக்கு ஏதுமில்லை. ஆயினும் இரவில் வெனிசை விட்டு வெளியேறுகிறவர் அதன் பாதி வாழ்வைக் காணாமலே போகிறார் என்பது எம் கருத்தாயிருந்தது. “அப்படியானால் தீவுக்குள்ளேயே எளிய இடம் தேடுவோம், சாமி” என்று அவரே வழி சொன்னார்.

இத்தாலியில் துறவற சபையினரின் இல்லங்கள் பல, விருந்தினர்க்கு அறைகளை வாடகைக்கு விடுகின்றன. சபையில் சேருவோர் தொகை குறைந்து, ஒரு காலத்தில் நிறைந்திருந்த இல்லங்களில் அறைகள் வெறுமையாகக் கிடப்பதே இதற்கு ஒரு காரணம். அங்கே தங்குவதற்குக் குருவாகவோ கத்தோலிக்கராகவோ இருக்கவேண்டும் என்பதில்லை. இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, தூய்மையான விரிப்பு, இவ்வளவே வசதி. இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிடவேண்டும். கஸ்தெல்லோ பகுதியின் கீழ்க்கோடியில் அத்தகைய இல்லம் ஒன்றில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நிலையத்திலிருந்து படகில் செல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கி இரண்டே பாலங்களைக் கடந்தால் வாயில் வந்துவிட்டது.

அறைக்குச் சென்று இளைப்பாறியபின், அந்நகரின் பழைய வரலாற்றை இளங்குரு சொல்லச் சொல்ல ஓர் உண்மை விளங்கிற்று. அந்நியன் எங்கே தங்குவது என்ற வினாவுக்கு, உலகிலேயே மிகக் கண்டிப்பான விடைகளைத் தந்த நகரங்களுள் வெனிசும் ஒன்று. ஜெர்மானிய வணிகர் ரியால்தோ பாலத்தருகே அரசு கட்டித் தந்த ஃபொந்தாக்கோ என்னும் பண்டக மனையில்தான் தங்கவேண்டும். அவர்தம் வணிகம் அங்கே அரசின் கண்காணிப்பில் நடக்கும். 1505இல் அது தீக்கிரையாக, 1508க்குள் மீண்டும் கட்டினார்கள். துருக்கிய வணிகர்க்கு 1621இல் தனி மனை ஒதுக்கப்பட்டது. யூதர்களை 1516இல் கன்னரேஜோவின் ஒரு சிறு தீவுக்குள் ஒதுக்கி இரவில் கதவடைத்தார்கள். ‘கெட்டோ’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல் அவ்விடத்தின் பெயரே. கொள்ளைநோய் கண்டவர்க்கு 1423இல் லாசரெத்தோ என்னும் தனித்தீவு ஏற்பட்டது. நோய்த்தடுப்புத் தனிமையைக் குறிக்கும் ‘குவாரன்டைன்’ என்னும் சொல்லும் நாற்பது நாள் என்று பொருள்படும் அந்நகர வழக்கிலிருந்தே பிறந்தது. புனித நாட்டுக்குக் கப்பலேற வந்த திருப்பயணிகளுக்குத் தங்குமிடம் காட்ட உரிமம் பெற்ற வழிகாட்டிகளை அரசே அமர்த்தியிருந்தது.

இவற்றுள் கொடுமையும் உண்டு, அறமும் உண்டு. இரவில் பூட்டிய கதவுகளை நாம் போற்ற இயலாது. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அன்று அந்நியன் எங்கே படுப்பது என்பதை நகரம் தீர்மானித்தது. இன்றோ அந்நியன் எங்கே படுக்க விரும்புகிறான் என்பது, நகரத்தான் அங்கே வாழலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இது மிகைக்கூற்று அன்று. 1951ஆம் ஆண்டில் வெனிசின் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022 ஆகஸ்டில் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிற்று. ரியால்தோ அருகிலுள்ள ஒரு மருந்துக் கடையின் கண்ணாடியில் குடிமக்களின் எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை ஒன்றை 2008 முதல் வைத்திருக்கிறார்கள். நாங்களும் அதன்முன் நின்றோம். நோயாளியின் நாடியைக் காட்டும் கருவியைப் பார்ப்பதுபோல் இருந்தது. பயணிகளுக்கான படுக்கைகளின் தொகை குடிமக்களின் தொகையைத் தாண்டிவிட்டதாக 2023இல் அந்நகர மக்கள் அமைப்பினர் கணக்கிட்டு அறிவித்தார்கள். ஒரு நகரில் வாழ்வோரைவிட வந்து படுப்போர்க்கு இடம் மிகுதி என்றால், அதனை நகரம் என்பதா, விடுதி என்பதா?

எல்லாப் பழியையும் பயணிகள்மீது சுமத்துவதும் நேர்மையன்று. பெருவெள்ளம் ஒரு காரணம். 1966 நவம்பர் 4 அன்று நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது; தரைத்தள வீடுகளில் வாழ்ந்த எளியோர் பலர் அதன்பின் திரும்பவேயில்லை. 2019 நவம்பர் 12 அன்று மீண்டும் 187 சென்டிமீட்டர். மோசே என்னும் பெயரிட்ட கடல் தடுப்புக் கதவுகள் 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தின. தரைப்பகுதியின் தொழிற்சாலை வேலையும், குறைந்த வாடகையும், கார் நிறுத்த இடமும், மாடிப்படி மின்தூக்கியும் பலரை மெஸ்த்ரேக்கு ஈர்த்தன. ஆனால் காலியான வீட்டில் அடுத்த குடும்பம் ஏன் குடிவரவில்லை என்று கேட்டால், விடை நம் கைபேசியிலேயே இருக்கிறது. குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிக்கு நாள் வாடகைக்கு விடுவதில் வருவாய் மிகுதி. ஒரு வீடு அவ்வாறு மாறும்போது யாருக்கும் தெரிவதில்லை. பத்து வீடு மாறும்போது தெருவிலுள்ள ரொட்டிக் கடைக்கு ஆள் குறைகிறது. அது மூடப்பட்டு அவ்விடத்தில் முகமூடி விற்கும் கடை வருகிறது. செருப்புத் தைப்பவர் போகிறார். பின்பு மருத்துவர் போகிறார். பள்ளியில் ஒரு வகுப்பு குறைகிறது. எஞ்சியிருக்கும் மூதாட்டி பால் வாங்க மூன்று பாலம் ஏறி இறங்கவேண்டியிருக்கிறது.

எங்கள் தங்குமிடம் இருந்த கஸ்தெல்லோவின் கீழ்க்கோடியில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். இது பழங்காலம் முதற்கொண்டு கப்பல் கட்டும் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. குருக்களாகிய எங்களுக்கு வியப்பளித்த செய்தி ஒன்றும் உண்டு. நகரின் பேராலயம் 1807 வரை ஒளிமிக்க சான் மார்கோ அன்று. அது நாட்டுத் தலைவரின் ஆலயமாக இருந்தது. ஆயரின் இருக்கை இந்தக் கோடியிலுள்ள சான் பியேத்ரோ ஆலயத்தில் இருந்தது. அதன்முன் புல் முளைத்த திடலில் ஒரு சாய்ந்த மணிக்கூண்டு நிற்கிறது. நாங்கள் கண்ட வேளையில் அங்கே இரண்டு சிறுவர் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். கரீபால்தி தெருவின் முடிவில் கால்வாயில் கட்டிய படகில் காய்கறி விற்கிறார்கள். காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி தள்ளுவோரின் குரலும், கல்தரையில் சக்கரங்கள் உருளும் ஓசையும் கேட்கும். பத்து மணியளவில் சான் மார்கோ பக்கம் சென்றால் கூட்டத்தில் நகர இயலாது. மாலையில் அக்கூட்டம் வடிந்து போகும். இரவு ஒன்பது மணிக்கு அதே சதுக்கத்தில் நம் காலடி ஓசை நமக்கே கேட்டது. தங்குகிறவர்க்குக் கிடைக்கும் கொடை அது.

இல்லத்தின் வரவேற்பறையில் இருந்த அருள்சகோதரி அப்பகுதியிலேயே பிறந்தவர், எழுபதைக் கடந்தவர். அவருடைய அண்ணன் மக்கள் அனைவரும் மெஸ்த்ரேக்குப் போய்விட்டார்களாம். பயணிகளைக் கண்டு உங்களுக்குச் சலிப்பு உண்டா என்று இளங்குருவின் வாயிலாகக் கேட்டோம். அவர் சிரித்தார். “தங்குகிறவர்கள் பெயரைச் சொல்கிறார்கள், காலை வணக்கம் சொல்கிறார்கள், ரொட்டிக் கடை எங்கே என்று கேட்கிறார்கள். ஐந்து மணி நேரத்தில் வந்து போகிறவர்கள் எதையும் கேட்பதில்லை, தந்தையே. எங்கள் ஊரைப் பார்க்கிறார்கள், எங்களைப் பார்ப்பதில்லை” என்றார். பின்னர் ஒரு சொல்லை விளக்கினார். இத்தாலிய மொழியில் ‘ஓஸ்பித்தே’ என்றால் விருந்தினர் என்றும் பொருள், விருந்தோம்புபவர் என்றும் பொருள். இருவருக்கும் ஒரே சொல். நம் தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியவராய் வருபவரே விருந்தினர். வருபவர் இருந்தால் மட்டும் போதாது. வரவேற்க ஒருவர் வீட்டில் இருந்தால்தான் இரு மொழியிலும் அச்சொல்லுக்கு உயிர் உண்டு.

மறுநாள் காலை எதிர்த்திசையிலிருந்தும் ஓர் உண்மை வந்து நின்றது. மெஸ்த்ரேக்குச் சென்று திரும்பிய இளங்குரு, வரும்போது இரயிலில் நிறைந்திருந்தவர்கள் பயணிகள் அல்லர் என்றார். விடுதிகளில் படுக்கை விரிப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், சமையற்காரர்கள். வங்காளதேச மக்கள் மெஸ்த்ரேயிலும் அதன் அருகிலுள்ள கப்பல் தளப் பகுதியிலும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பயணி தீவில் உறங்க, அவனுக்குப் படுக்கை விரித்தவர் பாலத்தைக் கடந்து போய் உறங்குகிறார். ஆகவே எங்கே தங்குவது என்று ஆராய்கையில் நாம் வழக்கமாகக் கேட்காத ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்கவேண்டும்: என் படுக்கையை விரிப்பவர் எங்கே படுக்கிறார்? உயர்ந்த விடுதிக்கும் தாழ்ந்த விடுதிக்கும், துறவற இல்லத்துக்கும்கூட, இவ்வினா பொருந்தும். எம் இல்லத்திலும் அறைகளைத் தூய்மை செய்த பெண்மணி காலை இரயிலில் வந்தவரே.

முத்துக்குளித்துறையைச் சேர்ந்த நமக்கு வெனிசில் தங்குமிடம் என்றதும் நினைவுக்கு வரவேண்டியவர் ஒருவர் உண்டு. 1537ஆம் ஆண்டு சனவரியில், பாரிசிலிருந்து குளிர்காலத்தில் நடந்தே வந்த இளைஞர் குழு ஒன்று வெனிசை அடைந்தது. அவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். எருசலேமுக்குக் கப்பலேறுவது அவர்தம் நோக்கம். கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களில் அவர்கள் மருத்துவமனைகளில் தங்கிப் பணிசெய்தார்கள். சவேரியார் சென்றது சாத்தரே கரையிலிருந்த இன்குராபிலி, அதாவது தீராநோயாளர் மருத்துவமனை. மேகநோயால் உடல் அழுகியவர்களை ஊரார் அண்ட அஞ்சிய காலம் அது. அதே ஆண்டு சூன் 24 அன்று அவர் வெனிசில் குருப்பட்டம் பெற்றார். துருக்கியரோடு போர் மூண்டதால் கப்பல் புறப்படவேயில்லை. அக்கப்பல் புறப்பட்டிருந்தால் 1542இல் நம் கரையில் அவர் காலடி பட்டிருக்குமோ, அறியோம்.

அந்த மருத்துவமனைக் கட்டடம் இன்று கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. ரஸ்கின் தங்கிய மனை அதே கரையில் நடந்துபோகும் தொலைவில்தான் உள்ளது. ஜெர்மானிய ஆசிரியை சொன்னது மெய். மாலை வெயில் அங்கே மிக அழகு. சாய்நாற்காலிகளில் அமர்ந்து குளிர்பானம் பருகும் பயணிகளுக்கிடையே நாங்களும் சிறிது நேரம் நின்றோம். எதிர்க்கரையில் ஜூதேக்கா தீவு. அதன் மேற்கு முனையில் ஒரு பெரிய மாவு ஆலை. 1955இல் மூடப்பட்டு 2007இல் ஆடம்பர விடுதியாகத் திறக்கப்பட்டது. அதே தீவில் பெண்கள் சிறைச்சாலையும் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஏப்ரல் 28 அன்று வெனிசுக்கு வந்தபோது முதலில் கால்வைத்த இடம் அச்சிறைதான். நகருக்குள் எந்த வாயில் வழியாக நுழைகிறோம் என்பதும் ஒரு தேர்வே என்பதை அவர் சொல்லாமற் சொல்லிச் சென்றார்.

நாம் அனைவரும் மருத்துவமனையில் தங்கவேண்டும் என்றோ சிறையைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்றோ சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஓர் அழகிய நகரில் சில நாள் இன்புற்றிருப்பது இறைவன் தந்த நன்மைகளுள் ஒன்று. அதனை இன்னும் நல்ல முறையில் செய்யலாம் என்பதே எம் கருத்து. வேலையின் பொருட்டு ஐரோப்பாவில் வாழும் நம் மக்கள் விடுமுறையில் இத்தகைய நகரங்களுக்குச் செல்கிறார்கள். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உடன் செல்கிறார்கள். அவர்களை எண்ணிச் சில சொற்கள்.

இயன்றால் ஓரிரவுக்கு மாறாக இரண்டு மூன்று இரவு ஒரே இடத்தில் தங்குங்கள். 2024இல் வெனிஸ் நகராட்சி, கூட்டம் மிகும் 29 நாள்களில் பகலில் மட்டும் வந்து செல்வோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2025இல் 54 நாள்களுக்கு அதனை விரித்து, கடைசி நேரத்தில் பதிவோர்க்கு 10 யூரோ ஆக்கியது. நகராட்சி எல்லைக்குள், மெஸ்த்ரே உள்பட, இரவு தங்குவோர்க்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் தங்கும் வரியாக ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை செலுத்துகிறார்கள். வீட்டை வாடகைக்கு எடுப்பதாயின் அதற்கு அரசின் அடையாள எண் உண்டா என்று பாருங்கள். 2025 சனவரி முதல் இத்தாலி முழுவதும் அது கட்டாயம். உரிமையாளர் அதே வீட்டிலோ தெருவிலோ வாழ்பவரானால், தம் வீட்டில் ஓர் அறையை விட்டுப் பிழைக்கும் கைம்பெண்ணானால், உங்கள் பணம் ஒரு குடும்பத்தை ஊரில் நிலைக்கச் செய்கிறது. பெட்டிகளைச் சுமந்து பாலங்களில் ஏறுவது முதியோர்க்குக் கடினம். ஆகவே படகுத்துறையிலிருந்து எத்தனை பாலம் என்று முன்கூட்டியே கேளுங்கள். முகவரியில் தெருப்பெயர் இல்லாமல் பகுதியின் பெயரும் ஆயிரக்கணக்கில் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். அருகிலுள்ள ஆலயத்தின் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டால் வழி தவறாது. 75 நிமிடப் படகுச் சீட்டின் விலை 2024இல் 9.50 யூரோ, பல நாள் தங்குவோர்க்கு நாள் கணக்கிலான சீட்டே சிக்கனம். தங்கும் தெருவிலேயே ரொட்டியும் பழமும் வாங்குங்கள். கடைக்காரர்க்கு அவர் மொழியில் ஒரு வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

வெனிசைப் பற்றி எழுதினோமாயினும் இது வெனிசுக்கு மட்டும் உரியதன்று. பார்சலோனாவிலும் லிஸ்பனிலும் இதே முறையீடு எழுந்திருக்கிறது. அழகுள்ள ஊர் எதுவாயினும், அதன் அழகை நாடி வருவோர் தொகை பெருகப் பெருக, அவ்வழகைக் கட்டிக் காத்தவர்களின் பேரக்குழந்தைகள் அங்கே வாழ இடமின்றிப் போகிறார்கள். கற்களைப் பாதுகாக்க உலகெங்குமிருந்து பணம் வருகிறது. கதவைத் திறந்து வருக என்று சொல்லும் மனிதரைப் பாதுகாக்கப் பெரும்பணம் தேவையில்லை. பயணி ஒவ்வொருவரும் அறை தேடும் நேரத்தில் இன்னும் ஒரு வினாவைக் கேட்டாலே போதும். அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளை ஓர் அறையைப் பதிவு செய்யக் கைபேசியைத் திறக்கும்போது, விலையையும் சன்னல் காட்சியையும் பார்த்தபின், அங்கே நமக்குக் கதவு திறக்க யாரேனும் இருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்வோம்.